பதினான்காம் கேள்வி

நாவாந்துறையில் மத்தியான வெயில்.
நண்டுக் கொம்பனியால் வந்த மெற்றில்டா
கை கழுவிக்கொண்டிருந்தா.
எத்தனை தரம் கழுவியும் போகாத அந்த மணம்
என் படிவத்திலும் ஏறியது.

பதின்மூன்று கேள்வி சுகமாய்ப் போனது.
பதினான்கு: மாதச் சேமிப்பு.
"இல்லை" என்றா, கொடியில் காயும் உடுப்பைப் பார்த்தபடி.
சீட்டு?
"பிடிச்சவ கொழும்புக்கு மாறினதோட விட்டாச்சு."
நகை?
"பாங்கிலை கிடக்கு. அடகிலை."

பூச்சியம் போட்டேன்.
வடக்கு வளர்கிறதாம்;
பயிற்சி வகுப்பில் தசமத்தோடு சொன்னார்கள்.
காப்பெற் றோட்டில்தான் நானும் வந்தேன்,
லீசிங் கொம்பனியின் கண்ணாடியில்
என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு.

நிழலுக்கு ஒதுங்கியபோது கண்டேன்:
பப்பாசியடியில் அடுக்கிய சீமெந்துக் கல்லு.
அடிவரிசை பாசி பிடித்திருந்தது.
மேல்வரிசை இன்னும் ஈரச் சாம்பல்.
எண்ணினேன். நாற்பத்துமூன்று.

"சம்பளத்தண்டு அஞ்சு, ஆறு எடுப்பன்.
நண்டு படாத மாசம் ஒண்டுமில்லை."
பிறகு கொஞ்சம் சிரித்தா.
"காசெண்டா ஆரும் வந்து நிப்பினம்.
கல்லை ஆர் தம்பி கைமாத்துக் கேக்கிறது?
இந்த மனிசனாலும்
அதைக் குடிக்கேலாது."

கட்டத்துக்குள் ரூபாய் மட்டும்தான் எழுதலாம்.
எனக்குப் படிவம் ஒன்றுக்கு
ஒன்றரைக் கல்லுக் காசு.

இருபத்திரண்டு: சுவர்.
நிரந்தரமா, தற்காலிகமா?
தகரத்தைப் பார்த்தேன். பப்பாசியடியைப் பார்த்தேன்.
"இன்னும் எத்தினை வேணும் அக்கா?"
"மேசன் நானூறு எண்டவர், ஒரு அறைக்கு.
அது மூத்தவள்
பெரிசாக முந்தின கணக்கு."