நாந்தான்

கட்டபெட்டு கொழுந்துத் தொழிற்சாலையில்
தேநீர் ருசி பார்க்கும் அறையாக இருந்தது இது.
துப்புவதற்கு வைத்த பித்தளைத் தொட்டி இன்னும் மூலையில்.
அதில் இப்போது கேபிள் சுருள்கள்.
ஏசி கிடையாது,
ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்தால் போதும்.
பூஞ்சணம் பிடிக்காமலிருக்க
ரேக்குக்கு அடியில் ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு
அடைகாக்கிறது.

இரவு பதினொன்று. நாளை ஒன்றாம் தேதி.
விடியற்காலை நாலரைக்கு முதல் லாரி தராசேறும்.
அதற்குள் புது சர்வர்
குன்னூரில் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும்.
பதிவது ஒரே கட்டளை, ஒரு தும்மல் நேரம்.
அதற்கு முன் திருத்த வேண்டிய கோப்புகள்தாம்
ராத்திரியைத் தின்கின்றன.

முதலில் நேரம்.
அட்டைப் பெட்டியிலிருந்து இறங்கிய எந்திரம்
ஐந்தரை மணி பின்தங்கி
எந்த ஊரிலோ உட்கார்ந்திருந்தது.
அப்படியே விட்டால்
நாளை நாலரைக்கு நிறுக்கும் மாதியின் முப்பத்தெட்டு கிலோ
இன்றைய தேதியில் விழும், பழைய விலைக்கு.
கிலோவுக்கு ஒன்றரை ரூபாய்.
ஐம்பத்தேழு ரூபாய்.
ஒரு வரியை மாற்றினேன், நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

அடுத்தது வரம்பு.
ஆயிரத்து இருபத்து நான்குக்கு மேல் திறக்கமாட்டேன் என்கிறது.
போனஸ் அறிவிக்கும் நாளில்
இரண்டாயிரம் பேர் ஒரே நிமிடத்தில்
செல்போனில் பாக்கி பார்ப்பார்கள்.
அறுபத்தைந்தாயிரம் என்று எழுதினேன்,
அடுத்தவர் காட்டைத் தானம் கொடுக்கும் மகிழ்ச்சியோடு.

பிறகு பெயர்க் கோப்பு.
இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் பெயர்.
எந்திரத்துக்கு அரவேணு என்று வைத்தோம்.
நிறுவும்போதே அது தானாக ஒரு வரி எழுதிவைத்திருந்தது,
நூற்றிருபத்தேழில் தொடங்கும் முகவரி.
அரவேணு எங்கே? இங்கே.
அரவேணு யார்? நான்.
தப்பில்லை,
தனியாக இருக்கும்வரை.

இப்படியே பதிந்தால்
குன்னூர் ஏட்டில் அரவேணுவுக்கு நேரே 'நான்' என்று ஏறும்.
குன்னூர் கூப்பிடப் போகும்போது
'நான்' என்ற முகவரியில் குன்னூரே இருக்கும்.
தன் கதவைத் தானே தட்டிவிட்டு
ஆளில்லை என்று எழுதிவைக்கும்.
போன வருஷம் எமரால்டு கிளையில் இதேதான்.
ஹாலனும் நானும் மூன்று நாள்
கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச்சை மாற்றினோம்,
கடைசியில் குரங்குகள் மேல் பழி போட்டோம்.

பன்னிரண்டரைக்குக் கதவு தட்டும் சத்தம்.

யாரது?

நாந்தான்.

எந்த நான்?

மாடியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகள் மட்டும்
கொஞ்ச நேரம் பேசின.
இப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"வாட்டுற தொட்டி மூணு, நைட் ஷிப்டு, சவரிமுத்து.
கேட்டுகிட்ட கரடி நிக்குது.
ஜன்னலைச் சாத்துங்க மேடம்."

சாத்தினேன்.
முகவரி, அப்புறம் பெயர்.
மனுஷன் வரிசை தவறாமல் சொல்லியிருக்கிறார்.

அந்த வரியை அழிக்கவில்லை.
தலையில் ஒரு குறி போட்டேன்.
குறி போட்ட வரியை எந்திரம் படிக்காது,
எனக்குப் பிறகு வருகிறவர் படிக்கட்டும்.
அதன் கீழே
பத்தில் தொடங்கும் முகவரி,
குன்னூரிலிருந்து பார்த்தாலும் தெரிகிற முகவரி.

குன்னூர் எந்திரத்துக்குள் நுழைந்து
அங்கிருந்து அரவேணுவை அழைத்தேன்.
நான்கு முறை. நான்கு பதில்.
அவ்வளவு தூரம் போய் என் அறையையே கூப்பிட்டது
விசித்திரமாக இருந்தது.
யாரோ உள்ளே இருக்கிற மாதிரி.

கட்டளையை அடித்தேன்.
பச்சை எழுத்தில் ஒரே வரி வந்தது.
வெளியே எங்கோ எண்ணெய் டின் உருண்டது,
பிறகு நாய்கள், பிறகு அதுவும் இல்லை.

மறுபடியும் கதவு.
நான் வாயைத் திறக்கவில்லை.

"வாட்டுற தொட்டி மூணு,"
குரலில் கொஞ்சம் கோபம்,
"சவரிமுத்து.
கரடி போயிடுச்சு."