முப்பது ஆம்பியர்

கடையில ஆள் இல்லையாக்கா என்றான்.
நான்தான் ஆள், வை, என்றேன்.

கோழியைக் கொண்டுவருகிறவன்போலக் கக்கத்தில் இடுக்கி
கொண்டுவந்திருந்தான் திசையன்விளை மாசானம்.
கறுப்பு ஆம்ப்ளிஃபயர். நெற்றியில்
வெள்ளி எழுத்தில் நாலாயிரம் வாட்ஸ்.
தூத்துக்குடிப் பழைய சாமான் கடையில்
ஆறரை சொன்னார்களாம், ஐந்துக்கு முடித்தானாம்.
"வெயிட்டைப் பாருங்கக்கா, வெயிட்டை."

பார்த்தேன். கனம்தான்.
கனத்தை நான் கடைசியில்தான் நம்புவேன்.

முதலில் ஃபியூஸ்.
விளம்பரம் அடித்தவன் கை படாத இடம் அது.
பச்சை நிறம், முப்பது ஆம்பியர், ஒன்றே ஒன்று.
வண்டி ஓடும்போது பதினாலு வோல்ட்;
பெருக்கினால் நானூற்று இருபது.
அதுவும் உள்ளே போவது.
பாதி சூடாகிக் காற்றோடு போகும்,
பாக்கி இருநூற்றுச் சொச்சம் பாட்டாக வரலாம்.
மாசானத்திடம் சொல்லவில்லை.
வெறும் பெருக்கலை வைத்துக்கொண்டு
ஒரு மனுசன் முகத்தை ஏன் கெடுக்கணும்,
திறந்து பார்த்துவிட்டே கெடுப்போம்.

எட்டுத் திருகாணி. ஆறு ஒரே வார்ப்பு, இரண்டு வேறு.
யாரோ முன்பே உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.
மூடியின் அடிப்பக்கம் நீல மார்க்கரில்
205 என்று எழுதி, கீழே ஒரு கோடு.
விலையோ, டோக்கனோ, எதுவோ.

கனம் ஓரத்தில் கிடந்தது:
பசை போட்டு ஒட்டிய இரும்புப் பட்டை, முக்கால் கிலோ.
மின்சாரத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
அலுமினியத் துடுப்பு இரண்டு வரிசை;
டிரான்சிஸ்டர்கள் முதுகு சாய்த்திருப்பது ஒன்றில்தான்.
மற்றது சூடே அறியாதது,
போட்டோவுக்கு நிற்பது.

ஆனால் அந்தச் செம்பு வளையம்,
அதைச் சுற்றியவர் அவசரக்காரர் இல்லை.
ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறவில்லை.
ஈயம் வைத்த இடமெல்லாம் மினுங்குகிறது,
ஒரே ஒரு மூட்டு சாம்பல் பூத்துக் கிடக்கிறது.
கெப்பாசிட்டர் தலை உப்பவில்லை.
கெயின் குமிழைத் திருகினால் கரகரப்பு இல்லை.
"பாஸ் பூஸ்ட் இருக்குல்லக்கா?"
இருக்கு. அதைத் தொடாதே.

சாம்பல் மூட்டுக்குச் சூடு காட்டினேன்.
நாலு ஓம் சுமையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி
அலைக்காட்டியை மாட்டினேன்.
பச்சை அலை எழும்பி எழும்பி வந்து
ஓர் உயரத்தில் தலை தட்டையானது,
வாசல் நிலையில் உச்சி இடித்தவன் மாதிரி.
கொஞ்சம் இறக்கினேன். உருண்டு நின்றது.
இருநூற்றாறு.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

யார் நீ, எந்த ஊர்,
எந்த பெஞ்சில் உட்கார்ந்து இதை அளந்தாய்,
யாரிடம் சொல்ல முடியாமல்
இங்கே எழுதி மூடினாய்?

வெளியே பணகுடி நாற்கரச் சாலையில்
காற்றாடி இறக்கை ஒன்றை ஏற்றிய லாரி
திரும்ப இடமில்லாமல் ஊர்ந்தது.
இரண்டு மெகாவாட் என்பார்கள்.
ஆடிக் காற்றில் அதுவும் உண்மை;
ஐப்பசியில் கை தொங்க நிற்கும்.

மாசானத்திடம் சொன்னேன்:
நாலாயிரம் இல்லை. இருநூறு.
ஆனா சுத்தமான இருநூறு.
பதினெட்டு சீட் வேனுக்கு அதுவே காணும்.
நீ கொடுத்த ஐயாயிரம்தான் கூடுதல்.

அவன் இரும்புப் பட்டையைக் கையில் வைத்து
எடை பார்த்துக்கொண்டிருந்தான்.
"கண்ணாடியில நாலாயிரம்னு
ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்க்கா.
அதைப் பாத்துத்தான் குத்தால சவாரி வருது.
மேல உள்ள எழுத்து அழியாம மாட்டிக் குடுங்க.
இரும்பையும் உள்ளயே வச்சிருங்க."

வைத்தேன். புதுப் பசை போட்டு;
தளர்ந்தால் பாட்டோடு சேர்ந்து அதுவும் அதிரும்.

மூடும் முன்னால் அந்தக் கோட்டுக்குக் கீழே
206 என்று எழுதினேன்.
ஒரு வாட் கூடுதல்,
சாம்பல் மூட்டின் கணக்கில்.

கூலி இருநூற்றாறு என்றேன்.
சில்லறை இல்லை என்று இருநூறு கொடுத்தான்.