அரை மில்லி

சோகார் சனையாவில்
ஷட்டரை முக்கால் இறக்கிவிட்டு
வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கென்று ஓடும்
அர்பாபின் கட்டர்.
(தண்ணீர்க் காசைச் சம்பளத்தில் பிடிக்கிறார். நியாயம்தான்.)

கல்லைக் கொண்டுவந்தவன் தில்முராத்.
ஜிஸ்ஸி வாதியில் வெள்ளம் இறங்கிய மறுநாள்
டிப்பர் டயருக்கு முட்டுக் கொடுக்க எடுத்தானாம்.
தேங்காய் அளவு.
வெளியே கருகிய ரொட்டி நிறம்.
தட்டினால் ஓடு மாதிரி ணங்கென்றது.
அதற்காகத்தான் வாங்கினேன்,
இரண்டு டீ, ஒரு பொரோட்டாவுக்கு.

பிளேடு உள்ளே போகும் சத்தத்திலேயே தெரியும்
மார்பிளா, கிரானைட்டா என்று.
பதினோரு வருடத்தில் என் காது பொய்த்ததில்லை.
இதற்குக் காது ஒன்றும் சொல்லவில்லை.
பாதி வழி வெண்ணெய்,
பிறகு திடீரென்று ஆணி.

பிளந்து தண்ணீர் ஊற்றியபோது
உள்ளே பச்சையும் ஈரல் நிறமுமாய்
வரிவரியாய்,
வரிக்கு நடுவே கண் கண்ணாய்.
மயில் என்றான் தில்முராத்.
கழுவிப் போட்ட ஆட்டுக்குடல் என்றேன் நான்.

சமையல்மேடைக்கு அளவு கொடுக்க வந்த ஷைகா அல் மமாரி
கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவர்.
லென்ஸைக் கண்ணோடு ஒட்டி,
விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து,
“கடலடியில் இறுகியதாக இருக்கலாம்” என்றார்.
திருப்பிப் பார்த்து,
“எரிமலைச் சாம்பலாகவும் இருக்கலாம்.”
காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தார்:
இந்தப் பக்கம் பழங்காலத்தில் செம்பு உருக்கினார்களாம்,
உலையில் வழித்த கசடு குன்று குன்றாய்க் கிடக்கிறதாம்.
“யாரோ ஓர் ஆள் கொட்டியதாகவும் இருக்கலாம்.”

உறுதியாய்ச் சொல்ல வேண்டுமென்றால்
ஒரு துண்டைச் சீவி
வெளிச்சம் ஊடுருவும்வரை அரைக்க வேண்டுமாம்.
ஓரம் போதும் என்றார்.
ஓரத்திலும் படம் இருந்தது.
கொடுக்கவில்லை.

ஐம்பது நம்பர் பேடு.
வெட்டின தடம் மறைய அரை மில்லி.
அந்த அரை மில்லியில்
மூன்று கண்கள் மூடிக்கொண்டன.
நூறில் ஒன்று திறந்தது.
இருநூறில்
எங்கிருந்தோ ஒரு கரை வந்து நின்றது.
கரைக்கு அப்பால் இருட்டு,
இருட்டில் ஒற்றைப் பொட்டு மஞ்சள்.
தூத்துக்குடிக்காரன் நான், கப்பல் என்றுதான் சொல்வேன்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.
ஒரு கீறல் இருந்தது,
நகத்தில் தட்டுகிற கீறல்.
கை சும்மா இருக்கவில்லை,
திரும்ப ஐம்பதுக்குப் போனேன்.
கீறல் போயிற்று.
கப்பலும்.

அரை என்றால் பாதி.
அரை என்றால் தேய்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது
நம் ஆட்களின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

இருதயராஜுக்குக் கவிதைக் கிறுக்கு.
ஊர் தெரியாத கல், ஊர் விட்ட ஆள் என்று
வாட்ஸப்பில் போடேன் என்கிறான்.
எனக்கு ஊர் தெரியுமடா.
பின்கோடு வரை தெரியும்.

எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு, மூவாயிரம்.
கடைசியில் துணியும் பொடியும்.
இப்போது டியூப்லைட் அதில் முகம் பார்க்கிறது.
நல்ல கல்தான்.
கையில் வாங்குகிறவர்கள்
கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துகிறார்கள்.
அவர்களுக்கு இந்த ஒரு படம்தான்.

மற்றவை போன இடம் தெரியும்.
மேசைக்கடியில் ஓடை,
ஓடை முடிவில் தொட்டி.
இத்தாலி வெள்ளையும் கிருஷ்ணகிரிக் கறுப்பும்
யார் வீட்டுச் சிங்குக்கோ தோண்டிய பழுப்பும்
அங்கேதான் படிகின்றன.
வியாழக்கிழமை வழிப்பது என் முறை.
வெயிலில் கொட்டினால் இறுகிவிடும்.
தில்முராத் எந்த வாதி ஓரம் தட்டுகிறானோ,
கேட்டதில்லை.

இந்த வாரம் மண்வெட்டியில்
கட்டியாய் ஒன்று வந்தது.
உடைத்தேன்.
வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை,
நடுவே நூல் பருமனில்
பச்சையும் ஈரல் நிறமும்.

நகத்தால் கீறிப் பார்த்தேன்.
இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.
காயட்டும் என்று
தகரக் கூரைமேல் ஏற்றி வைத்தேன்.