அரை டிக்கெட்

மாத்திரையின் பெயர் என் வாயில் நுழையவில்லை.
மருந்துக்கடைப் பையனிடம்
"அரை டிக்கெட் ஒரு அட்டை" என்பேன்.
அரை மில்லிகிராம்.
அவனுக்கும் பழகிவிட்டது.

கடலூர் – புதுச்சேரி, நாளுக்கு ஆறு நடை.
இருபத்தாறு வருஷம் நின்றே வந்த கால்.
இப்போது அதன் பெருவிரல் மட்டும்
சிவந்து, வீங்கி,
ராத்திரியெல்லாம் தனியாக விழித்திருக்கிறது.
மின்விசிறிக் காற்று பட்டாலே
"யார்றா அது" என்கிறது.

ரத்தத்தில் உப்பு, என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
மூட்டில் போய் உறைகிறதாம்.
காக்கிச் சட்டை முதுகில்
வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு விழுமே,
அதுதான் உள்ளேயும் என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, காலத்துக்கும்.
கூடவே மூன்று மாதம் அரை டிக்கெட்.
"உறைந்தது கரையும்போது வலி கூடும்.
பயந்து நிறுத்திடாதீங்க."
குணமாவதற்கு அடையாளம் நோவு அதிகமாவது.
வீட்டில் சொன்னேன்.
அஞ்சலாட்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அரை டிக்கெட் வலியைக் கொண்டுபோனது.
போகிற போக்கில் வயிற்றையும்.

காலை ஏழு இருபது வண்டி.
கங்கணாங்குப்பம் தாண்டும்போது முதல் முறுக்கல்.
ரெட்டிச்சாவடியில் வியர்வை.
சில்லறை எண்ணும் விரல் கணக்கை மறக்கும்.
முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது.
கண்டக்டர் முகம் அரசாங்கச் சொத்து.

முள்ளோடையில் ஆண்கள் கும்பலாக இறங்குவார்கள்.
எல்லை தாண்டியதும் கடைகள்.
கடைசி நடை முடித்து
நானும் இறங்கினவன்தான்.
இப்போது விசில் மட்டும் ஊதுகிறேன்.

அடுத்து கிருமாம்பாக்கம்,
பெட்ரோல் பங்க், அதன் பின்னால் ஒரு தகரக் கதவு.
முதல் நாள் கலியபெருமாளிடம் நான் வாயே திறக்கவில்லை.
கண்ணாடியில் பார்த்தான்.
வண்டியை ஓரம் கட்டினான்.
"ரேடியேட்டருக்குத் தண்ணி!" என்று
பின் சீட்டுவரை கேட்கக் கத்தினான்.
அந்த ரேடியேட்டர்
மூன்று மாதம் தண்ணீர் குடித்தது.

மீன்கூடையோடு ஏறுகிற ஆரவல்லி
மத்தி நாலு இலையில் மடித்து நீட்டினாள்.
மத்தி கூடாது, நெத்திலி கூடாது, எறா கூடாது.
"அப்ப கடல்ல உனக்கு என்னாதான்யா பாக்கி?"
"காத்து" என்றேன்.
சிரித்தாள். டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை கொடுத்தாள்,
அபூர்வமாக.

பிறகு கத்திரி வெயில்.
மார்பெல்லாம் பொரிப்பொரியாகச் சிவப்பு.
"தடிப்பு வந்தா ஒரு வேளைகூடப் போடாதீங்க,
நேரா வாங்க" என்று சொல்லியிருந்தார்.
எஞ்சின் சூடு, காக்கித் துணி, மே மாதம்.
வேர்க்குருவா, மாத்திரையா?
சட்டையைக் கழற்றி நின்றேன்.
அஞ்சலாட்சி டார்ச் அடித்து
ஒவ்வொரு பொரியாகப் பார்த்தாள்.
கல்யாணமான நாளிலிருந்து
இவ்வளவு நேரம் என் நெஞ்சை அவள் பார்த்ததில்லை.
"போன வருஷமும் இங்கதான் வந்திச்சு."
"போன வருஷம் மாத்திரை இல்லையே."
அன்றிரவு மாத்திரை அட்டையிலேயே தூங்கியது.
நாங்கள் தூங்கவில்லை.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார்,
கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.
"வேர்க்குருதான். பவுடர் போடுங்க."
பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் கவனித்தேன்,
நொண்டாமல் நடந்து வந்திருக்கிறேன்.

ஆனியில் அரை டிக்கெட் நின்றது.
மற்றது இருக்கிறது, காலத்துக்கும்.
பெருவிரல் ஒரு கண்ணைத் திறந்து வைத்துத் தூங்குகிறது.
வயிறு திரும்பி வந்துவிட்டது.
இதைக் கலியபெருமாளிடம் சொல்ல வாய்க்கவில்லை.

நேற்று கிருமாம்பாக்கம்.
ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.
வண்டி ஓரம் கட்டி நின்றது.
கண்ணாடியில் அவன் கண்.
"திரும்பவும் ரேடியேட்டரா?" என்றார் யாரோ.

இறங்கினேன்.
தகரக் கதவுவரை போய்
முகம் கழுவிக்கொண்டு வந்து
ஏறினேன்.

ரைட்.