இரண்டரை அங்குலம்

டிரைவருக்குத் தண்டு போயிற்று.
மூன்றாம் எண் உட்டுக்குத் தலை போயிற்று.
ஆனியில், ஒரே வாரத்தில்.

தலை போன கதை சைட்டில் எல்லோருக்கும் தெரியும்.
பணகுடிக்குக் கிழக்கே, வறண்ட குளத்துக்குள்,
மாசானமுத்து ஓங்கி வீச
பந்து வைத்த இடத்தில் இருந்தது;
தலை பறந்து உடைமரக் காட்டுக்குள் போனது.
மூன்று பேர் தேடினோம்.
ஒரு ஒற்றைச் செருப்பு கிடைத்தது.

தண்டு போன கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பை எங்களுடையது இல்லை.
காற்றாலை நிறுத்த வந்த டென்மார்க்காரர்
விடுதி அலமாரியில் விட்டுப்போனது,
மிச்சம் உங்களுக்கு என்று ஒரு சீட்டோடு.
மிச்சம் இப்போது என் மேசையில் கிடக்கிறது:
முண்டம் ஒன்று, தலை ஒன்று.

எனக்கு வேலை இறகுப் பழுது.
எண்பது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கி
கண்ணாடி இழை வைத்து எபாக்சி பூசுகிறவள்.
உள்ளே விரிசல் இருந்தால்
நகத்தால் தட்டும்போதே சத்தம் செத்திருக்கும்.
உட்டின் தண்டைத் தட்டினேன்.
உயிரோடிருந்தது.

"கட்டையால்லா இருக்கு, எப்சி?"
ஆமாம். இரண்டரை அங்குலம்.
"நீளம் கொறஞ்சா தூரம் கொறையும்லா?"
குறையும்.
"பெறவு என்னத்துக்கு?"
நேரே போகும் என்றேன்.
அவன் சிரித்த சிரிப்பில் நம்பிக்கை எதுவும் இல்லை.

துளைக்குள் தண்டு ஆடியது, ஒரு மயிரிழை.
குளிர்பான டின்னை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
ஆட்டம் நின்றது.
தூக்கிப் பார்த்தால் கை ஏமாந்தது;
தண்டு குட்டையானதும் தலைக்குக் கனமே இல்லாத மாதிரி.
உவரி ரெமிஜியுஸ் சட்டைப்பையில் எப்போதும்
வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கிடக்கும்.
ஒன்றை வாங்கித் தட்டித் தகடாக்கி,
எபாக்சி நிறுக்கும் தராசில் பதினோரு கிராம்,
அடியில் ஒட்டினேன்.
பிறகு இறகுக்கு எழுதுவதுபோலவே
நாடாவில் எழுதிச் சுற்றினேன்:
ஒட்டிய தேதி, நேரம், வெப்பம், ஈரப்பதம்.
இருபத்துநாலு மணிநேரம் தொடாதே.

மாசானமுத்து ஏழாம் மணியில் தொட்டான்.
கையில் ஒட்டிக்கொண்டது எழுத்து மட்டும்தான்.

மறுநாள் காற்று பத்து மீட்டரைத் தாண்டியது.
பத்தைத் தாண்டினால் கயிற்றில் ஏற்ற மாட்டார்கள்.
குளத்துக்குப் போனோம்.
ஆரல்வாய்மொழி வழியாக வருகிற காற்று
வலது காதில் மண்ணை அடைத்தது.
பழைய நீளத்தில் அடித்த பந்தெல்லாம்
மேலே ஏறும், காற்று வாங்கிக்கொள்ளும்,
திசையன்விளைக்கு டிக்கெட் எடுத்த மாதிரிப் போய்விடும்.
நான் தெற்கே மடையைப் பார்த்து நின்றேன்.

அடித்ததும் கையில் ஒன்றும் தெரியவில்லை.
பந்து ஏறாமல் போனது,
மேயாமல் நின்ற ஆடுகளின் தலைக்கு மேலாக,
காற்றுக்குக் கொஞ்சம் தோள் கொடுத்து;
விழுந்து, ஓடி,
குளத்து வெடிப்பு ஒன்றில் இடறி
சம்பந்தமில்லாமல் இடப்பக்கம் திரும்பி நின்றது.

மாசானமுத்து எட்டு வைத்து எண்ணினான்.
நூற்று அறுபத்திரண்டு.
"பழசுல நூத்தித் தொண்ணூறு வந்திச்சே.
மிச்சம் இருபத்தெட்டு எங்க?"
"உடங்காட்டுக்குள்ள கெடக்கும். போயி எடுத்துக்கோ."

அவன் அடித்தான். நான் அடித்தேன்.
ஒரு பந்தும் தொலையவில்லை.
அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

திரும்பும்போது ஜீப்பில்
ஒடிந்த பழைய தண்டை எடுத்து
முறிவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான்.
அவனும் எட்டு வருடம் விரிசல் பார்த்தவன்.
"வீசி ஒடிஞ்சா நார் பிரியும், எப்சி.
இது நசுங்கில்லா இருக்கு."
பின்கதவைப் பார்த்தான்.
விளிம்பில் கறுப்பாக ஒரு கீற்று.

"காத்து," என்றேன்.
"கதவ அப்படியே சாத்திப்போட்டு."

அன்றைக்குக் காற்றே இல்லை.
அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.
வண்டியைக் கிளப்பினான்.