பிழை எண் 417

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட்.
மெஷின் மறுபடி 417 என்றது.
ஒன்பது வருஷமாய் எனக்குத் தெரிந்த வைத்தியம்
அணைத்துப் போடுவது.
ஏன் என்று கேட்டதில்லை.
லைன் லீடர் கேட்கலாமா?

வெண்பலகையில் இன்று
உற்பத்தி இலக்குக்குக் கீழே
ஒரு சாண் இடம் இருந்தது.
“417 என்றால் என்ன? தெரியாது.
– குமுதவல்லி”
எழுதிவிட்டு
முகமூடிக்குள் வியர்த்தேன்.

மூன்று மணிக்கு
மைலோ குடித்துத் திரும்பினால்
கீழே வேறு கையெழுத்துகள்:
எனக்கும். – ரொஹாயா
எனக்கும். – பெங் ஹுவாட்
கூட்டத்தில் தலையாட்டியது சும்மா.
– எஞ்சினியர் தயாநிதி

விடிந்ததும்
ஃபேக்டரி பஸ்ஸைப் போகவிட்டோம்.
கேன்டீன் மேசையில் கையேடு,
நான்கு தலைகள்.
ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது,
எண்ணெய்க் கையால்
பக்கம் புரட்டக் கூடாதென்று.