பையின் முன் ஜிப்பில் வைத்த தாள்

திருமேனி,
பேருந்து நிலையத்தில் நின்றபடி எல்லாம் சொல்ல முடியவில்லை.
நீங்களும் பணத்தை மூன்று முறை எண்ணினீர்கள்,
கேமராவை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

இனி யாரிடம் எதை வாங்கினாலும்
லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.
உள்ளே நூலாம்படைபோல் வெள்ளை ஓடினால் பூஞ்சை.
பாதி விலை என்றாலும் வேண்டாம்,
பக்கத்து லென்ஸுக்கும் குடிபோகும்.
ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்று கேளுங்கள்.
இதில் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம்.
நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பாடி பழையதாக இருக்கட்டும்,
காசை லென்ஸில் போடுங்கள்.
பந்தலுக்கே எல்லாம் கொட்டிவிட்டு
பந்தியில் கை சுருக்கும் கல்யாணம் எத்தனை எடுத்திருக்கிறேன்!

நான் முதுநகர்க்காரன். துறைமுகம் கூப்பிடு தூரம்.
வங்கிக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் படகுகளைப் படமெடுப்பவன்.
பதிவு எண் தெரிந்தால் போதும் சார், அழகெல்லாம் வேண்டாம் என்பார்கள்.
உங்கள் நெல்லிக்குப்பத்தில் காற்று ஆலைக் கரும்பு மணக்கும்,
இங்கே வருவது திருகாணியைத் தின்னும்.
சில்வர் பீச்சுக்கு ஒரு மாலை போய்வந்தாலும்
அன்றிரவே
குடிநீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் மேலெல்லாம் துடைத்து
உலர்துணியால் மறுபடி துடையுங்கள்.
ஸ்டாண்டின் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள்,
போர் தண்ணீரில் அல்ல, அதிலும் உப்புதான்.
மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது.
மாற்றினேன் ஒரு தரம்;
ஃபோகஸ் வளையம் இன்றுவரை
அம்மியில் மிளகு அரைபடும் சத்தம் போடுகிறது, கேட்டுப் பாருங்கள்.

வாயால் ஊதாதீர்கள்.
தூசி போகும், எச்சில் தங்கும்.
ரப்பர் ஊதுகுழல் பைக்குள் இருக்கிறது, இனாம்.
சட்டை நுனியால் துடைப்பவரிடம்
எதையும் இரவல் தராதீர்கள்.

நனைந்தால் அரிசி மூட்டைக்குள் புதைக்கச் சொல்வார்கள்.
அரிசி சோற்றுக்கு.
பேட்டரியைக் கழற்றுங்கள், ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.
ரப்பர் விளிம்பு வைத்த டப்பா, நான்கைந்து சிலிக்கா பொட்டலம், போதும்.
ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒரு முறை
அதைத் திறந்து கேமராவை எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள்,
எடுக்காத கேமராவில்தான் பூஞ்சைக்குப் பசி.

ஏசி மண்டபத்திலிருந்து வெயிலுக்கு வரும்போது
பையை மூடியே இருபது நிமிடம் வையுங்கள்.
கண்ணாடி வியர்க்கும், நாதஸ்வரம் காத்திருக்காது என்று தெரியும்,
இருந்தாலும்.

ஒரு பெரிய கார்டு வேண்டாம், இரண்டு சிறியது.
மஞ்சக்குப்பத்தில் ஒரு முகூர்த்தம்,
முன்னூறு படத்தில் தாலி கட்டிய ஒரு நிமிடம் மட்டும் கார்டு விழுங்கிவிட்டது.
மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?
மாப்பிள்ளை கட்டத் தயாராகத்தான் இருந்தார்,
பெண் முறைத்த முறைப்பில்
முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஏன் விற்கிறீர்கள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டீர்கள்.
கழுத்து, ஐயா. ஐந்தாவது எலும்பு.
டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துக் காட்டியபோது
வெளிச்சம் ஒரு ஸ்டாப் அதிகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
எடை குறைந்தது ஒன்று வாங்கியிருக்கிறேன்.
இந்த வாரை மாற்றிவிடுங்கள், அகலமாக, குறுக்காகப் போடும் மாதிரி.

கடைசியாக, மறைத்த ஒன்று.
இருட்டில் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தால்
இடது மேல் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும்.
சென்சாரில் ஒரு மணி கெட்டுப்போயிருக்கிறது.
கணினியில் அழித்துக்கொண்டே வந்தேன், சிலதில் மறந்தேன்.
அப்படி ஒன்று கஜபதியின் வீட்டுச் சுவரில், சட்டமிட்டு:
அதிகாலை, அவர் படகு, மேலே அந்தப் புள்ளி.
தூரத்தில் வரும் தன் தம்பி படகின் விளக்கு என்று
வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.
நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உறையில் ஐந்நூறு இருக்கிறது, அந்தப் புள்ளிக்காக.
ஒற்றைத் தாள்தான்,
எண்ண வேண்டியதில்லை.